பத்தாம் எண்ணுக்கு எவ்வளவு கயிறு விடலாம்? ஃபுட்பால் மேனேஜர் கணினி விளையாட்டில் மூன்று ஆட்டமுறைகள்

2019-20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியில் சென்னையின் எஃப்சி, கோவாவை முதல் ஆட்டத்தில் 4-1 என்று அடித்தது. மறு ஆட்டத்தில் 2-4 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. கூட்டினால் 6-5. டிசம்பரில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஓவன் காயில் முன்களத்தை அவிழ்த்துவிட்டார். கிரிவெல்லாரோ பந்தைப் பிரித்துக் கொடுக்க, வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டார். 2020 மார்ச் 14 அன்று ஃபதோர்தாவில் நடந்த இறுதிப்போட்டியில் எதிரே நின்றது அன்டோனியோ ஹபாஸ் பயிற்றுவித்த கொல்கத்தா அணி ஏடிகே. பின்னால் மூன்று சென்டர் பேக், பக்கத்துக்கு ஒரு விங்-பேக், இடைவெளியே தராத நடுக்களம். முடிவு 3-1, கோப்பை ஏடிகேக்கு.

அந்த சீசனில் ஹபாஸ் இடது விங்-பேக்காகப் பயன்படுத்தியது நம்ம குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை. அவர் அடிப்படையில் தாக்குதல் ஆட்டக்காரர். ஒழுங்குக்குப் பேர்போன அணி, பந்தோடு ஓடத் தெரிந்த ஒருவரைக் கோட்டோரத்தில் நிறுத்தி, பின்னால் மூன்று பேரைக் காவலுக்கு வைத்தது. இந்தக் கட்டுரையில் பேசப்போவது கிட்டத்தட்ட இதைத்தான்.

தமிழகத்தின் நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். மாநில எல்லை அங்கே இருக்கிறது, ரசிகர் எல்லை இல்லை. தூத்தூர் பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையும் சென்னையினின் நீலச் சட்டையும் ஒரே கொடியில் காய்கின்றன. ஃபுட்பால் மேனேஜரில் பிளாஸ்டர்ஸை எடுப்பவரும் சென்னையினை எடுப்பவரும் முதல் வாரத்திலேயே ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள்: தாக்குதலை அவிழ்த்துவிட்டால் மூன்று கோல் போட்டு நான்கு வாங்குகிறது, இறுக்கிக் கட்டினால் 0-0. கீழே சொல்லும் ரோல் (ஆட்டக்காரரின் வேலை), டூட்டி (அதை எவ்வளவு முன்னேறிச் செய்வார் என்பது: டிஃபெண்ட், சப்போர்ட், அட்டாக்) பெயர்கள் எல்லாம் 2024 பதிப்பில் உள்ளவை. 26 பதிப்புக்கு என்ன மாறும் என்பது கடைசியில்.

கெகன்பிரஸ் (பந்து போனதுமே துரத்திப் பறிக்கும் முறை) பிரிசெட்டை அப்படியே போட்டு ஆடினால் போதாதா என்று கேட்பார்கள். போதும், ஜெயிக்கவும் செய்யும். ஆனால் அதற்கு வொர்க் ரேட், ஸ்டாமினா இரண்டும் அணி முழுக்க வேண்டும். பெஞ்சில் ஆள் குறைந்த இந்திய அணியில் 65-ஆம் நிமிடத்துக்கு மேல் பாதிப் பேருக்குக் களைப்பைக் காட்டும் இதயக் குறி சிவப்பாகிவிடும். அதை வேண்டுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் தலையெண்ணிக்கை

ஃபார்மேஷன் தேர்வு செய்யும் முன் ஒன்றைக் கணக்குப் போடுங்கள்: எதிரணிப் பெனால்டி பெட்டிக்கு அருகே பந்து பறிபோகும் நொடியில், பந்துக்குப் பின்னால் நம் ஆட்கள் எத்தனை பேர்? கோல்கீப்பரைச் சேர்க்க வேண்டாம்.

மூன்று பேர் என்றால் சூதாட்டம். நான்கு பேர் போதும், ஆனால் சென்டர் பேக் இருவரும் வேகமாக ஓடுபவர்களாக இருக்க வேண்டும். ஐந்து பேர் என்பது நிம்மதியான எண். ஆறுக்கு மேல் போனால் முன்னால் பாஸ் வாங்க ஆள் இருக்காது; ஸ்ட்ரைக்கர் தனியாக நின்று கையை விரிப்பார்.

இந்த எண்ணை முடிவு செய்வது ஃபார்மேஷன் அல்ல, ரோலும் டூட்டியும். ஒரே 4-2-3-1-ஐ இரண்டு ஃபுல்பேக்குக்கும் அட்டாக் டூட்டி கொடுத்து ஆடினால் பின்னால் மூன்று பேர். ஒரு ஃபுல்பேக்கை டிஃபெண்டுக்கு இறக்கி, நடுவில் ஒருவரையும் டிஃபெண்ட் டூட்டிக்கு மாற்றினால் ஐந்து பேர். திரையில் இரண்டும் ஒரே படம்தான். "4-2-3-1 சரிப்படவில்லை, 4-3-3-க்கு மாறிவிட்டேன்" என்று சொல்பவர்களில் பலர் மாற்றியிருக்க வேண்டியது ஒரே ஒரு டூட்டியை.

ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது உடனே பிடிபடாது. சிறிய மைதானத்தில் டிரிபிள் செய்பவர் பந்தை இழந்தால் நாலு எட்டில் இன்னொருவர் இருப்பார். பதினோரு பேர் ஆட்டத்தில் அதே இழப்புக்குப் பின்னால் 40 மீட்டர் வெட்டவெளி.

வழி ஒன்று: கட்டவிழ்த்த தாக்குதல்

வழக்கமான அமைப்பு: 4-2-3-1. மென்டாலிட்டி (அணி எவ்வளவு துணிந்து ஆடும் என்ற அளவு) பாசிட்டிவ். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் உள்ள பத்தாம் இடத்தில் ட்ரெகுவார்ட்டிஸ்டா (இஷ்டப்படி அலைந்து பந்து பிரிப்பவர்), இடதில் இன்சைட் ஃபார்வர்டு, வலதில் விங்கர், முன்னால் அட்வான்ஸ்டு ஃபார்வர்டு. ஃபுல்பேக் இருவரும் ஏறுவார்கள். நடுவில் டீப்-லையிங் பிளேமேக்கரும் பால்-வின்னிங் மிட்ஃபீல்டரும். மேலே "பீ மோர் எக்ஸ்பிரெசிவ்" (அணி முழுவதற்கும் கூடுதல் சுதந்திரம்) டிக்.

பார்க்க அழகாக இருக்கும். முதல் மாதம் கோல் மழையும் பெய்யும், ஏனென்றால் எதிரணிகள் இன்னும் உங்களை மதித்துப் பின்வாங்கத் தொடங்கவில்லை.

பழுது எங்கே வரும் என்றால், பெரும்பாலும் பால்-வின்னிங் மிட்ஃபீல்டரிடம். பெயரைப் பார்த்துக் காவல்காரர் என்று எடுத்துக்கொள்கிறோம். அவர் வேலை பந்து இருக்கும் இடத்துக்கு ஓடிப்போய்ப் பறிப்பது; இடத்தைக் காப்பது அல்ல. சப்போர்ட் டூட்டியில் வலது கோட்டோரம் வரைக்கும் துரத்துவார். அவர் விட்டுப்போன நடுப்பகுதியில் டீப்-லையிங் பிளேமேக்கர் மட்டும் நிற்பார், அவருக்கு டாக்கிளிங் 20-க்கு 9. எதிரணியின் பத்தாம் எண் அங்கே திரும்பினால் நேரே நம் சென்டர் பேக். ரீப்ளேயில் சென்டர் பேக்கின் தவறாகத்தான் தெரியும். ரேட்டிங்கும் அவருக்குத்தான் 6.1 என்று விழும். அவரை விற்றுவிட்டு இன்னொருவரை வாங்கினாலும் அதே கோல் திரும்ப விழும்.

இரண்டாவது பழுது, உயர்ந்த தடுப்புக் கோடு. மென்டாலிட்டியை ஏற்றினால் டெம்போ, அகலம், அழுத்தம், தடுப்புக் கோடு எல்லாம் கூடவே ஏறும். நீங்கள் தனியாகத் தொடாவிட்டாலும் ஏறும். சென்டர் பேக்கின் பேஸ், ஆக்ஸிலரேஷன் இரண்டும் 10 என்றால் பின்னால் போடும் ஒவ்வொரு நீண்ட பந்தும் ஓட்டப் பந்தயம். பாசிட்டிவ் வேண்டும், வேகமான சென்டர் பேக் இல்லை என்றால் கோட்டை மட்டும் ஒரு படி கீழே இறக்குங்கள், மென்டாலிட்டியைத் தொட வேண்டாம்.

மூன்றாவது, ஃப்ளேர் என்ற எண் விரிக்கும் வலை. ஃப்ளேர் 16, டிசிஷன்ஸ் 9 என்று ஓர் ஆள் மலிவாகக் கிடைப்பார், வீடியோவில் மயக்குவார். ஃப்ளேர் சொல்வது, எதிர்பாராததை முயற்சிப்பார் என்பதை மட்டுமே. எப்போது முயற்சிக்க வேண்டும் என்பதை டிசிஷன்ஸ் சொல்கிறது. இவருக்குச் சுதந்திரம் கொடுத்தால் நடுக்களத்தில், மூவர் சூழ்ந்த இடத்தில், குதிகாலால் தட்டிவிடுவார். இந்திய லீகில் 12 என்பதே நல்ல எண். சுதந்திரம் பெறுபவருக்கு விஷன், டிசிஷன்ஸ், கம்போஷர் மூன்றும் 12-ஐத் தொட்டால் போதும், ஃப்ளேர் 10 இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வழி யாருக்கு? லீகிலேயே சம்பளப் பட்டியல் பெரிதாக இருந்து, எதிரணியில் பாதிப் பேர் உங்களைக் கண்டு பெட்டிக்குள் ஒடுங்கும் நிலை வந்த பிறகு. அதற்கு முன்னால் வேண்டாம்.

வழி இரண்டு: இறுக்கிக் கட்டிய தடுப்பு

ஹபாஸ் பாணியில் 5-3-2. மென்டாலிட்டி காஷியஸ், பந்து போனதும் ரீகுரூப் (பின்வாங்கி அணிவகுத்தல்), கிடைத்ததும் கவுன்டர் (உடனே எதிர்த்தாக்குதல்). அழுத்தம் தொடங்கும் கோடு ஒரு படி கீழே.

இங்கே பலர் செய்வது தடுப்புக் கோட்டையும் அடியோடு இறக்கிவிடுவது. காஷியஸ் மென்டாலிட்டியே கோட்டை இறக்கியிருக்கும். அதற்கு மேலும் இறக்கினால் பத்துப் பேரும் நம் பெட்டிக்குள். எதிரணி பெட்டிக்கு வெளியே நின்று நிதானமாகச் சுடும், கிராஸ் போடும். ஒரு கிராஸைத் தலையால் வெளியேற்றினால் அது விழும் இடத்திலும் அவர்கள்தான் நிற்பார்கள். அழுத்தக் கோட்டைத் தாழ்த்தி, தடுப்புக் கோட்டை நடுவிலேயே விட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் சுருங்கும். இறுக்கம் என்பது அங்கேதான் கிடைக்கிறது.

5-3-2-இன் நிரந்தரக் குறை கோட்டோரம். நம் விங்-பேக் ஒருவர், எதிரே விங்கரும் ஃபுல்பேக்கும் இருவர். மூன்று மிட்ஃபீல்டரில் பக்கத்துக்கு ஒருவர் வெளியே நகர்ந்து உதவ வேண்டும். அதற்கென்றே உள்ள ரோல் கரிலேரோ. வெளியே பளிச்சென்று தெரியாத ரோல் என்பதால் யாரும் எடுப்பதில்லை. இடதும் வலதும் கரிலேரோ, நடுவில் டிஃபெண்ட் டூட்டியில் ஒருவர் என்று வைத்தால் கிராஸ் எண்ணிக்கை குறைவதைச் சில ஆட்டங்களிலேயே பார்க்கலாம். இந்த இடத்தில் மெஸ்ஸாலாவைப் போட்டால் அவர் முன்னால் கிளம்பிவிடுவார், விங்-பேக் மறுபடி தனியாள்.

தாக்குதலில் நடப்பது வேறு. பந்து பறித்து ஸ்ட்ரைக்கருக்கு அனுப்பினால் ஐந்து நொடியில் திரும்பி வரும். இரண்டு ஸ்ட்ரைக்கரும் அட்வான்ஸ்டு ஃபார்வர்டாக இருந்தால் இருவருமே பின்னால் ஓடத்தான் பார்ப்பார்கள், பந்தை நிறுத்திவைக்க ஆள் இல்லை. ஒருவரை சப்போர்ட் டூட்டியில் டார்கெட் ஃபார்வர்டாகவோ டீப்-லையிங் ஃபார்வர்டாகவோ மாற்றுங்கள். விங்-பேக் ஒருவருக்காவது அட்டாக் டூட்டி கொடுங்கள். பின்னால் மூன்று சென்டர் பேக் இருக்கும்போது அந்த ஒருவரை அனுப்புவதில் பயமில்லை. சூசைராஜை ஹபாஸ் வைத்த இடம் அதுதான்.

"பீ மோர் டிசிப்ளின்டு" டிக்கை அணி முழுவதற்கும் போடுவது நல்ல யோசனை இல்லை. கோல் வாங்குவது கொஞ்சம் குறையும், கோல் போடுவது அதைவிட அதிகமாகக் குறையும். இந்த வழியில் சாம்பியன் ஆகாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தோல்வி அல்ல, டிரா. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்ற கணக்கில் நான்கு டிரா செய்தவரைவிட இரண்டு வென்று இரண்டு தோற்றவர் 2 புள்ளி மேலே.

சென்டர் பேக்குக்கு இங்கே வேகத்தைவிட பொசிஷனிங், கான்சன்ட்ரேஷன், ஜம்பிங் ரீச் முக்கியம். கான்சன்ட்ரேஷனைக் கவனிக்காமல் விட்டால் 85-ஆம் நிமிடத்துக்கு மேல் விழும் கோல்கள் அதன் விலையைக் காட்டும். புதிதாக ஏறி வந்த அணி, ஆளில்லாத அணி, பெரிய அணியின் மைதானத்தில் ஆடும் நாள்: இவற்றுக்கு இந்த வழி.

வழி மூன்று: ஒருவருக்கு மட்டும் உரிமம்

எங்கள் வாக்கு இதற்கே. ஒன்பது பேர் ஒழுங்கில், ஒருவர் மட்டும் சுதந்திரத்தில்.

2021-22 பிளாஸ்டர்ஸ் இதற்கு நல்ல முன்மாதிரி. இவான் வுகோமனோவிச்சின் அணி 4-4-2-வில் இறுக்கமாக நின்றது. முன்னால் வாஸ்கெஸும் பெரேய்ரா டயஸும், கற்பனைக்கு அட்ரியன் லூனா. லூனாவின் சிறப்பு பாஸ் மட்டும் அல்ல, பந்து போனால் திரும்பி ஓடிவருவார். அந்த அணி இறுதி வரை போய், ஹைதராபாத்திடம் 1-1 டிராவுக்குப் பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது.

விளையாட்டில் அதைக் கட்டும் விதம்: 4-2-3-1, நடுவில் உள்ள இருவரையும் சென்டர் மிட்ஃபீல்டு வரிசையில் வைக்காமல் ஒரு படி கீழே, டிஃபென்சிவ் மிட்ஃபீல்டு வரிசையில் வையுங்கள். ஒருவர் ஆங்கர், அசையக் கூடாது. மற்றவர் சப்போர்ட் டூட்டியில் டீப்-லையிங் பிளேமேக்கர். இடது ஃபுல்பேக் டிஃபெண்ட், வலது பக்கம் அட்டாக் டூட்டியில் விங்-பேக். சென்டர் பேக் இருவரும் டிஃபெண்ட். எண்ணிப் பாருங்கள்: இரண்டு சென்டர் பேக், இடது ஃபுல்பேக், ஆங்கர், பிளேமேக்கர். ஐந்து.

பத்தாம் இடத்தில் அட்வான்ஸ்டு பிளேமேக்கர், சப்போர்ட் டூட்டி. ட்ரெகுவார்ட்டிஸ்டாவும் போடலாம், ஆனால் அவர் பந்து போனால் பெரிதாக உதவ மாட்டார். அதற்கு ஈடாக முன்னால் பிரஸ்ஸிங் ஃபார்வர்டு வேண்டும். இடது விங்கர் உள்ளே வெட்டி வருபவராக, வலது விங்கர் சப்போர்ட் டூட்டியில், வொர்க் ரேட் உள்ளவராக. வலது விங்-பேக் ஏறும் பக்கத்தில் முன்னால் ஆடுபவரும் அட்டாக் டூட்டியில் இருந்தால் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். ஒரு கோட்டோரத்தில் இரண்டு அட்டாக் டூட்டி கூடாது.

மென்டாலிட்டி பேலன்ஸ்டு. எக்ஸ்பிரெசிவ், டிசிப்ளின்டு இரண்டு டிக்கும் காலி. சுதந்திரத்தை அணியின் மட்டத்தில் கொடுக்காமல், பத்தாம் எண்ணின் தனி அறிவுறுத்தலில் கொடுங்கள்: ரோம் ஃப்ரம் பொசிஷன், டேக் மோர் ரிஸ்க்ஸ். அட்வான்ஸ்டு பிளேமேக்கரில் இவற்றில் சில ஏற்கெனவே போட்டிருக்கும், மாற்ற முடியாது, மீதியைச் சேருங்கள்.

இதன் பலவீனம் வெளிப்படையானது. அந்த ஒருவரை எதிரணி கட்டிப்போட்டால், அல்லது அவருக்குத் தொடைத் தசை பிடித்தால், அணி ஊமையாகிவிடும். ஆங்கர் வைத்து ஆடும் எதிரணிக்கு எதிராக, பத்தாம் எண்ணை நடுவிலிருந்து எடுத்து இடது விங்கில் போட்டு உள்ளே வரச் சொல்லலாம், நடுவில் வேறொரு சாதாரண ஆள். ஆங்கர் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார்.

நான்கு வெளிநாட்டவரை எங்கே வைப்பது

ஐஎஸ்எல்லில் இந்த முடிவை மைதானத்தைவிட ஒப்பந்த மேசை அதிகம் தீர்மானிக்கிறது. 2021-22 சீசனிலிருந்து ஆறு வெளிநாட்டவரைச் சேர்க்கலாம், களத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர்தான்.

முதல் வழிக்கு நான்கில் மூன்றை முன்களம் விழுங்கும்: பத்தாம் எண், ஸ்ட்ரைக்கர், ஒரு விங்கர். பின்னால் ஒரே ஒரு வெளிநாட்டு சென்டர் பேக், பக்கத்தில் இந்தியர். சந்தேஷ் ஜிங்கன் தரத்தில் இந்திய சென்டர் பேக் கிடைப்பது அரிது, கிடைத்தால் சம்பளமும் உயரம். இரண்டாம் வழிக்கு இரண்டு சென்டர் பேக், ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், ஒரு ஸ்ட்ரைக்கர். மூன்றாம் வழியில் முதுகெலும்பு நேராக வரும்: சென்டர் பேக், ஆங்கர், பத்தாம் எண், ஸ்ட்ரைக்கர். மீதி இருவரில் ஒருவர் பத்தாம் எண்ணுக்கு மாற்று, இன்னொருவர் சென்டர் பேக்குக்கு மாற்று. இரண்டாவது ஸ்ட்ரைக்கரை வாங்கும் ஆசை வரும். அடக்குங்கள்.

ஃபுல்பேக், விங்கர், கோல்கீப்பர் எல்லாம் இந்தியர்கள். அந்த விங்கர்களைத் தேடும்போது டிரிபிளிங்கை இரண்டாவதாக வைத்து, வொர்க் ரேட், டீம்வொர்க், ஸ்டாமினா மூன்றையும் முதலில் வடிகட்டுங்கள். கற்பனைக்கு ஏற்கெனவே ஒருவருக்குக் காசு கொடுத்தாயிற்று.

எது பழுது என்று கண்டுபிடிப்பது

ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு மாற்றம் என்று போனால் டாக்டிகல் ஃபெமிலியாரிட்டி (அணி ஆட்டமுறைக்குப் பழகிய அளவு) பட்டை ஒருபோதும் நிரம்பாது, எது வேலை செய்தது என்றும் தெரியாது. ஐந்தாறு ஆட்டம் தொடாமல் ஆடவிட்டு, பிறகு புள்ளிவிவரங்கள் உள்ள டேட்டா ஹப்பைத் திறங்கள்.

எதிரணிக்குக் கொடுத்த எக்ஸ்ஜி-யை (வாய்ப்புகளின் தரத்தை வைத்து எதிர்பார்க்கும் கோல் எண்ணிக்கை) மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை ஷாட்டில் அது வந்தது என்று பாருங்கள். 14 ஷாட்டில் 1.0 என்றால் தூரத்திலிருந்து சுடவிட்டிருக்கிறீர்கள். அழுத்தக் கோட்டைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். 4 ஷாட்டில் 1.0 என்றால் ஒவ்வொன்றும் கோல்கீப்பரோடு நேருக்கு நேர். தலையெண்ணிக்கை தப்பு, ஆங்கரையும் ஃபுல்பேக் டூட்டியையும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டும் குணமாகாது.

வாங்கிய கோல்களின் ரீப்ளேயில் கடைசி பாஸைப் பார்க்காமல், பத்துப் பதினைந்து நொடி பின்னால் போய் நம் பந்து எங்கே பறிபோனது என்று பாருங்கள். நடு வட்டத்துக்கு அருகே, பத்தாம் எண்ணின் காலிலிருந்து என்றால் அவர் மிகவும் கீழே இறங்கி வாங்குகிறார். பின்னால் உள்ள பிளேமேக்கரை சாதாரண டிஃபென்சிவ் மிட்ஃபீல்டராக மாற்றினால் பாஸ் நேராகப் போகும், இரண்டு பிளேமேக்கரும் ஒரே பந்துக்குக் காத்திருப்பது தீரும். எதிரணிப் பெட்டிக்கு அருகே பறிபோய் கோல் விழுந்தால் குற்றம் பத்தாம் எண்ணிடம் இல்லை. அங்கே பந்தை இழக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

70-ஆம் நிமிடம், 1-0

முன்னிலையில் இருக்கும்போது நேராக வெரி டிஃபென்சிவுக்கு இறங்குவது வழக்கமான பிழை. கோடு பெட்டிக்குள் விழுந்து, இருபது நிமிடம் பந்து நம் பக்கத்திலேயே சுற்றும். ஒரே ஒரு படி மட்டும் இறக்குங்கள்: பாசிட்டிவ் என்றால் பேலன்ஸ்டு, பேலன்ஸ்டு என்றால் காஷியஸ். ஏறும் விங்-பேக்கை சப்போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களில் இருவர் விங்கர்களாக இருக்கட்டும், அதிகம் ஓடியவர்கள் அவர்கள். பத்தாம் எண்ணை வெளியே எடுக்க வேண்டாம்; எதிரணி ஏறி வரும்போது பின்னால் கிடக்கும் இடத்துக்கு ஒரு பாஸ் போடத் தெரிந்தவர் அவர்தான்.

மூன்று டாக்டிக்கை ஒரே நேரத்தில் பயிற்சியில் வைக்க இடம் இருக்கிறது. முதலாவது மூன்றாம் வழி, இரண்டாவது வெளியூர் ஆட்டத்துக்கு 5-3-2. மூன்றாவதை, பின்தங்கியிருக்கும்போது ஆட முதல் வழியின் 4-2-3-1-ஆக வைக்கலாம். அதையே முதலாவதோடு ஒரே ஃபார்மேஷனில் வைத்தால் ஆட்கள் சீக்கிரம் பழகுவார்கள்.

2025 நவம்பரில் வந்த 26 பதிப்பில் டூட்டி என்ற பிரிவே இல்லை. பந்து இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது வேறோர் அமைப்பு, இரண்டிலும் தனித்தனி ரோல். தலையெண்ணிக்கை இங்கே இன்னும் எளிது: பந்து இருக்கும் அமைப்பைத் திறந்து பின்னால் உள்ளவர்களை எண்ணினால் போதும். புதிதாகக் கவனிக்க வேண்டியது, ஒரே ஆள் இரண்டு அமைப்புக்கும் நடுவே ஓட வேண்டிய தூரம். இருக்கும்போது இடது உள்பக்கம், இல்லாதபோது வலது கோட்டோரம் என்று ஒருவரை வைத்தால், அவர் வந்து சேரும் முன் எதிரணியின் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பத்தாம் எண்ணை, பந்து இல்லாதபோது ஸ்ட்ரைக்கருக்குப் பக்கத்தில் நிறுத்தி 4-4-2 ஆக்குங்கள். அவர் நடக்க வேண்டியது பத்து மீட்டர்தான்.